மிஞ்சியது ஒரு சொல்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா கொஞ்சம் தயங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த இருமல் நின்றதா?

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு, அதனால்தான் பக்கவாதம் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? வலது கை மடங்கியபடியே இருக்கிறது. காலை இழுத்து இழுத்து, தடியை ஊன்றிக் கூடத்திலிருந்து வாசல்வரை நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இவர் மைக்கைப் பிடித்து அறிவித்தால், அரைத்தூக்கத்தில் இருப்பவன்கூடத் தன் பஸ் எதுவென்று புரிந்து ஓடிப்போய் ஏறுவான். அப்பேர்ப்பட்ட குரல் இப்போது தண்ணீர் வேண்டும் என்று கேட்கக் கையை ஆட்டுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு சொல் சொன்னார். அது என்ன என்பது இப்போது வேண்டாம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்திருக்கிறார். பார்த்துக்கொள்கிறார், எங்கள் இரண்டு பேரையும்.

இனிமேல் வீட்டுக்குப் போன் செய்யாதே. மணி அடித்தால் அவருக்குப் படபடப்பாகிறது. கடை முகவரிக்குக் கடிதம் போடு.

ஒரு உதவி. நீங்கள் எலிகளுக்கு வல்லாரைச் சாறு கொடுக்கிறீர்கள், பக்கவாதம் வந்த மூளை பிழைத்துக்கொள்கிறது என்று போன வருஷம் வந்தபோது வாய் ஓயாமல் சொன்னாயே, அதில் ஒரு பாட்டில் அனுப்பு. எலிக்குக் கொடுப்பதை உன் அத்தானுக்குக் கொடுத்தால் குறைந்துபோகாது.

உன் பதிலுக்காகக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

----

ஜனவரி 18

அன்பு அக்காவுக்கு,

குட்டியின் வணக்கம். இருமல் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று பொய் எழுத மாட்டேன்.

அத்தான் நடக்கிறார் என்று படித்ததும் பக்கத்து மேஜைக்காரரிடம்கூடச் சொன்னேன். கையை மட்டும் விட்டுவிடாதே. விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பழக்கு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

அக்கா, பாட்டில் அனுப்ப முடியாது. கோபப்படாதே. நான் செய்வது இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, சாராயமும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, வடிகட்டிச் சுண்டவைப்பது. கடைசியில் குடுவையின் அடியில் கரும்பச்சையாக ஒரு பிசின் நிற்கும். அதைச் சுரண்டி எடுத்துத்தான் எலிக்குக் கொடுக்கிறோம். மனிதர் யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. அத்தான் சாப்பிடும் மாத்திரையோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பேராசிரியருக்கே தெரியாது. ரத்தம் நிற்காமல் போகலாம்.

அத்தான் சொன்ன சொல் என்ன? ஒரு சொல் வந்தால் பின்னாலேயே இன்னொன்றும் வரும். சொல்லேன்.

அத்தானிடம் கேட்டேன் என்று சொல். அவருடைய அக்காவிடமும்.

உன்
குட்டி

----

பிப்ரவரி 3

தங்கைக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய்.

என்ன சொல் என்று கேட்டிருந்தாய். "குட்டி."

ஆஸ்பத்திரியில் நான் கண் மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு காலையில் கண்ணைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டு போயிற்று. "குட்டி" என்றார். குத்துக்கல் மாதிரி எதிரே உட்கார்ந்திருப்பவள் நான். வந்தது உன் பெயர். என் நாத்தனார் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பாத்தியா? முழிச்சதும் யாரைத் தேடுறான்னு" என்றார். நான் அவரிடம், "அவளையே வரச் சொல்றேன், அவளே வந்து பாத்துக்கட்டும்" என்று கத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அத்தான் அன்றைக்கு மூடிய வாய்தான். பிறகு ஒரு சத்தம் இல்லை.

போன் வேண்டாம் என்று சொன்னது படபடப்புக்காக இல்லை. போனிலிருந்து உன் குரல் வெளியே கேட்டதும் அவர் தலையைத் திருப்பினார். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கல்லூரிக்குப் போக தினமும் அந்த பஸ் ஸ்டாண்டில் நின்றவள் நீ. "அக்கா, குரலே அவ்ளோ நல்லா இருக்கும், ஆளும் தங்கமான ஆளு" என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவளும் நீ. அந்தக் குரலை எத்தனை நாள் நீ கேட்டுவிட்டு எனக்குத் தந்தாய்? அவர் முதலில் பார்த்தது உன்னைத்தானே? பத்துப் பேர் எதிரில் கேட்கவில்லை. கடிதத்தில் கேட்கிறேன், கடிதத்தில் சொல்.

கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு மைக்கில் என் பெயரைச் சொல்லி, "எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி அறைக்கு வரவும்" என்று அறிவித்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. இப்போது அந்தப் பெயர் அவர் தலையில் எங்கேயும் இல்லை.

பாட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறாய். எனக்கு ஒன்று தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன். அவர் தேறி என் பெயரைச் சொல்வதைவிட, இப்படியே இருந்து உன் பெயரைச் சொல்வது உனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு
அக்கா

----

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அத்தான் எப்படி?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பேச்சு போனவர்களுக்கு ஒரே சொல் மாட்டிக்கொள்வது உண்டு அக்கா. தண்ணீர் கேட்டாலும் அதுதான் வரும், திட்டினாலும் அதுதான் வரும். உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கும், வாசலுக்கு வரும்போது மாறிவிடும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைக் கேட்டுப் பார். இப்போது அதைப் பற்றி நான் வேறு என்ன சொன்னாலும் உனக்கு நன்றாக இருக்காது.

இங்கே இந்த மாதம் புதிய இலை வந்தது. ஈரம் அதிகம். உலர்த்த இடமில்லாமல் பேராசிரியரின் அறையில்கூட விரித்திருக்கிறோம். அவர் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். எந்த எலிக்குச் சாறு, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்பது எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வேறொருவர் ஊசிக்குழாயில் நிரப்பித் தருகிறார். ஆசைப்பட்டுத் தப்பாகப் பார்த்துவிடக் கூடாதாம்.

மாத்திரையை விடாமல் கொடு.

உன் தங்கை

----

மார்ச் 27

தங்கைக்கு,

உன் கடிதத்தில் ஈர இலை இருந்தது, எலி இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் நானும் எழுதவில்லை.

இப்போது எழுதக் காரணம் வேறு. மருந்து நீ தரவில்லை என்றால் உலகத்தில் வேறு மருந்தே இல்லையா என்று ஒரு கடையில் வாங்கினேன். மூளை படம் போட்ட பாட்டில். வல்லாரையும் இன்னும் பல மூலிகைகளும் சேர்ந்த சாறு என்று விற்பவன் சொன்னான். என்னென்ன என்று ஒட்டியிருந்த தாளில்கூட இல்லை. உன் கையால் வராத மருந்து என் கையால் வந்து, அவர் வாய் திறந்து என் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த நினைப்புதான். டாக்டரிடம் கேட்கவில்லை. நாத்தனாரிடமும் மறைத்தேன்.

ஒரு காலையில் பல் தேய்த்தவர் வாயெல்லாம் ரத்தம். ஈறிலிருந்து வருகிறது, நிற்கவில்லை. சட்டையைக் கழற்றினால் தோளிலும் இடுப்பிலும் இடிக்காமலே கன்றிப்போய்க் கிடக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். "யாரும்மா இதைக் குடுக்கச் சொன்னது? ஏற்கெனவே ரத்தத்தை இளக்குற மாத்திரை. அது மேல இதுவுமா? தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டில் இப்போது இரண்டு ஊமைகள்.

பிழைத்தார். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நீ சொன்னது சரி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அக்கா

----

ஏப்ரல் 2

அக்கா,

சேதி கிடைத்த அன்றே எழுதுகிறேன். அத்தானுக்கு ரத்தம் நின்றதா? கன்றல் மங்குகிறதா? மலம் கறுப்பாகப் போனாலோ தலைவலி என்று தலையைப் பிடித்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே. மூலிகைதானே என்று யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதே.

உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியிலேயே தெரியும். இங்கே எலியின் மூளைக் குழாயை அடைத்துச் சிறிது நேரம் கழித்துத் திறந்துவிடுகிறோம். உடனே சாறு கொடுத்த எலிகளுக்குச் சேதம் பாதியாகக் குறைகிறது. அதில் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். ஆனால் மறுநாள் கொடுத்தவற்றுக்கும் வெறும் தண்ணீர் குடித்தவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. சாகப்போவதைத் தடுக்கிறது. செத்ததை எழுப்பாது. அத்தானுக்கு அந்த நேரம் அன்றைக்கே போய்விட்டது. நான் பாட்டில் அனுப்பியிருந்தாலும் அது பச்சைத் தண்ணீர்தான்.

இதை எழுதினால் நீ உடைந்துவிடுவாய் என்று விட்டேன். எழுதியிருந்தால் நீ கடைக்குப் போயிருக்க மாட்டாய்.

இனி அவருக்கு உள்ள மருந்து பேசுவதுதான். தப்போ சரியோ வாய் திறக்க வேண்டும். மூளையில் நல்லபடியாக இருக்கிற பக்கம் போன பக்கத்தின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். அவர் மௌனமாக இருக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். அவரைப் பேசவை அக்கா. எந்தப் பெயரையாவது சொல்லட்டும்.

குட்டி

----

மே 14
(அத்தான் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன்)

அக்கா,

போனில் "இங்கேதான் இருக்கிறார், பத்திரமாக இருக்கிறார்" என்று சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிவரை படி.

மத்தியானம் எங்கள் ஆய்வகக் காவலாளி வந்து, "மேடம், யாரோ தடி ஊன்றிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காரு. என்னைப் பாத்து குட்டி குட்டிங்கறாரு. எனக்கு அம்பது வயசு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தான். அரை நாள் பஸ் பயணம், தனியாக! உங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படியோ நடந்துபோயிருக்கிறார். ஓட்டுநர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள்தானே. பலகையில் எங்கள் ஊரைத் தொட்டுக் காட்டியிருக்கிறார், முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் "குட்டி" என்றார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதையும் மறைக்கவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தம்ளரைக் காட்டி "குட்டி" என்றார். மின்விசிறியைக் காட்டினார், அதுவும் குட்டி. பேராசிரியர் வந்து கைகுலுக்கினார். அவரும் குட்டிதான். கூண்டில் பிறந்து பத்து நாள் ஆன எலிக்குட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்து "குட்டி" என்றார். என்னைத் தவிர அது ஒன்றுதான் சரியாக இருந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான். எத்தனை மாதமாக அந்த வாயை மூடியே வைத்திருந்தாரோ, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து இடது கையால் ஒரு படத்தை எடுத்தார். உன் படம், கடையில் புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்தபோது எடுத்தது. அதன்மேல் விரலை வைத்து வாயைத் திறந்தார். முகமெல்லாம் வேர்த்தது. "கு... கு..." மறுபடியும் "குட்டி." ஓங்கி நெற்றியில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மேஜையில் இருந்த குடுவையைக் காட்டினார், பச்சைப் பிசின். தன் வாயைக் காட்டினார். மறுபடி உன் படம்.

அக்கா, அவர் என்னைப் பார்க்க வரவில்லை. உன் பெயரைச் சொல்ல மருந்து கேட்க வந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு உன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் வாயை மூடியிருக்கிறார்.

"அத்தான், இது உங்களுக்கு வேலை செய்யாது. அடைப்பு வந்த உடனே குடுத்தாத்தான் பலன்" என்று சொன்னேன். புரியவைக்க வேண்டுமே, தட்டில் இருந்த எலி மூளைத் துண்டுகளைக் காட்டினேன். சாயத்தில் போட்டால் உயிருள்ள இடம் சிவப்பாகும், செத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளையைத் தொட்டுக் காட்டித் தன் தலையையும் தொட்டார். நான் தலையாட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த சிவப்பைத் தொட்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டு, தொட்ட விரலை எடுக்கவே இல்லை.

பிப்ரவரியில் நீ கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் எனக்கு அவர் குரலைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. கூட்டத்தில் நானும் ஒருத்தி. இதற்குக் கீழே எழுதி அடித்துவிட்ட இரண்டு வரியைப் பொருட்படுத்தாதே.

நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நீ வந்து இறக்கிக்கொள்.

உன் தங்கை

----

ஜூன் 1

அன்புள்ள குட்டிக்கு,

இத்தனை மாதம் கழித்து இப்படி எழுதக் கை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. எழுதிவிட்டேன். நலமா?

அவர் காணாமல் போன அன்றைக்கு நான் தெருத்தெருவாகத் தேடினேன். நாத்தனார், "எங்க போயிருப்பான்னு உனக்குத் தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டார். உன் போன் வந்ததும், தெரிந்ததுதானே என்றுதான் நினைத்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுகூட என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர் கையைப் பிடித்து இறக்கினார். என்னைப் பார்த்ததும் இவர் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். தப்பு செய்த பிள்ளை மாதிரி. உன் கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். சுற்றிலும் ஆயிரம் சத்தம். படித்து முடித்துவிட்டு, "சொல்லுங்க" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். "என்ன வருதோ அதைச் சொல்லுங்க. நான் எங்கயும் போக மாட்டேன்" என்றேன்.

"குட்டி" என்றார்.

"என்னங்க" என்றேன்.

அவ்வளவுதான். அவருக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டுநர் பாவம், பஸ்ஸை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

நீ அடித்திருந்த இரண்டு வரி. நான் வேலை பார்ப்பது எப்படிப்பட்ட கடை என்று உனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காட்டும் விளக்கு இருக்கிறது, எறும்பை யானையாகக் காட்டும் லென்ஸ் இருக்கிறது. காகிதத்தை விளக்கடியில் வைத்தேன். லென்ஸையும் எடுத்தேன். அப்புறம் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். லென்ஸை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவில்லை.

அன்புடன்
அக்கா

----

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

நலம். இங்கே வேலை நெட்டித் தள்ளுகிறது. அடைப்பு வந்து எத்தனை நேரம்வரை இந்தச் சாறு பலன் தரும் என்று அடுத்த சோதனை தொடங்கியிருக்கிறோம். எங்கோ யாரோ ஒருவருக்கு நேரத்துக்குக் கிடைக்கட்டும். பல வருஷம் ஆகும், பலிக்காமலும் போகலாம்.

பொறாமையைப் பற்றி நீ எழுதவே இல்லை, ஆனால் ஜனவரியிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கும் அது உண்டு. கோபித்துக்கொண்டு எழுந்து போக உனக்கு ஒரு ஆள் இருக்கிறார். நீ முகத்தைத் திருப்பினால் பதறி அரை நாள் பஸ் ஏறிப் போகிற ஆள். நான் கோபித்துக்கொண்டால் இங்கே எலிகள் தின்றுகொண்டே இருக்கும்.

வெறும் பேச்சுக்குத்தான் சொன்னேன். அடுத்த மாதம் எனக்கு ஒரு வாரம் விடுப்பு. வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது.

உன்
குட்டி

----

ஜூலை 5

அன்புள்ள குட்டிக்கு,

உன் அத்தான் நன்றாக இருக்கிறார், நானும் இருக்கிறேன். நாத்தனார் ஊருக்குப் போய்விட்டார். "இனிமே நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வீட்டில் சத்தம் அவருக்குத் தாங்கவில்லையாம்.

உன் அத்தானுக்குக் காலையிலிருந்து படுக்கும்வரை பேச்சுதான். எல்லாம் ஒரே சொல், ஆனால் ராகம் வேறு வேறு. பசிக்கு ஒரு குட்டி, கோபத்துக்கு ஒரு குட்டி. காப்பியில் சர்க்கரை போதாவிட்டால் ஒரு நீளக் குட்டி. எனக்கு எல்லாம் பிரித்துத் தெரிகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவரைப் பாட்டுப் போல இழுத்துச் சொல்லவைக்கிறாள். போன வாரம் இரண்டாவது சொல் வந்தது. என் பெயராக இருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். "டிக்கெட்." அன்றைக்கு முழுக்க டிக்கெட்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பெயர் நாலு எழுத்து, சுலபமில்லை என்கிறாள் அந்தப் பெண். அவர் அதை விட்டபாடில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று முதல் எழுத்துவரை வந்து திரும்பிவிடுகிறார். நான் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்பி வராதே. போகவில்லை. நேற்றுக்கூட அவர் தூக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார். இது எந்தக் குட்டி என்று விடியும்வரை யோசித்துக்கொண்டு கிடந்தேன். இத்தனை சொற்கள் இருக்கிற மொழியில் அது ஏன் மிஞ்சியது என்று டாக்டருக்கும் தெரியாது, உன் எலிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வா. ஒரு வாரம் இல்லை, பத்து நாள் இரு. பின்னறையைக் கழுவித் துடைத்துவைத்திருக்கிறேன். இலை, வேர், பாட்டில் எதுவும் கொண்டு வராதே. ஒரே ஒரு நிபந்தனை. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது அவர் உள்ளேயிருந்து "குட்டி" என்று கூப்பிட்டால் நீ உட்கார்ந்த இடத்திலேயே இரு.

நான்தான் எழுந்து போவேன்.

அக்கா